நகை நான்கு, நக்கல் நானூறு

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இந்த மாதம் என் முறை, விஷயம் நகைச்சுவை. முப்பது வருஷம் நாகர்கோவில் பக்கம் தமிழ் எடுத்தவன் நான். அதற்கும் முன்னால், கோயில் கொடைகளில், அதாவது ஊர்த் திருவிழாக்களில், அப்பாவின் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவன். இரண்டில் எது இங்கே உதவும் என்று பார்ப்போம். மருத்துவக் கேள்வி மட்டும் வேண்டாம்.

கருங்கல், கல்லூரி மாணவி: சார், நகைச்சுவை என்றால் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியாது மக்களே. ஒரே வரியில் சொன்னவர்கள் எல்லாரும் பாதியை விட்டுவிட்டார்கள். ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் 17ஆம் நூற்றாண்டில், பிறர் தாழ்வைப் பார்த்ததும் நமக்குள் திடீரென்று எழும் பெருமைதான் சிரிப்பு என்றார். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1790இல், இறுகிப்போன எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போவதுதான் என்றார். மனதை ஆராய்ந்த ஃப்ராய்டு 1905இல், அடக்கி வைத்தது வெளியேறுகிற நிம்மதி என்றார். மூன்றும் சரி. மூன்றும் போதாது.

தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சி, எட்டில் நகையைத்தான் முதலில் வைக்கிறார். அழுகை அதற்கு அடுத்தது. நகை பிறக்கும் இடம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் ஹாப்ஸ் சொன்னது. இளமை பிள்ளைத்தனம், பேதைமை விவரமின்மை. மடன் என்பது சொல்லிக்கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது. நம்மூர் தோல்பாவைக்கூத்தில் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்துக்கு நடுவில் வந்து அடிக்கும் கூத்தில் பாதி இதுதான். உயிருள்ள மனிதன் இயந்திரம் மாதிரி விறைத்து நடந்தால் சிரிப்பு வரும் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் 1900இல் ஒரு புத்தகமே எழுதினார். மடனுக்குப் பக்கத்து வீடு.

கான்ட் சொன்னதை நான் அவரைப் படிக்கும் முன்பே பார்த்திருக்கிறேன். இரவு இரண்டு மணி. கொடைக்கு வந்த சனத்தில் பாதி பாயில். அப்பா கதையை இழுக்கிறார்: "ராசா பொறப்பட்டாரு." பக்கத்தில் கட்டை அடிப்பவர்: "ஆமா, பொறப்பட்டாரு." "வெள்ளக் குதிரையில பொறப்பட்டாரு." "ஆமா, பேச்சிப்பாறை பஸ்ஸில எடம் கெடைக்கல்ல." படுத்திருந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். அப்பா முறைப்பார். அந்த முறைப்பும் ஒத்திகை பார்த்ததுதான்.

தக்கலை, வங்கி ஊழியர்: சிரித்தால் சர்க்கரை குறையுமா?

என் துறை இல்லை. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மார்த்தாண்டம், பள்ளி மாணவர்: என் விலாவில் நானே கிச்சுகிச்சு மூட்டினால் ஏன் சிரிப்பு வரவில்லை?

நல்ல கேள்வி. உன் கை எங்கே படப்போகிறது என்று உன் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. தெரிந்த தொடுகை கூசாது. 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்துக் காட்டியது இதைத்தான்.

குளச்சல், மீன் வியாபாரி: கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி எல்லாம் ஒன்றுதானே அண்ணாச்சி?

ஒன்று இல்லை. கேலி முகத்துக்கு நேரே, உறவுக்குள்ளே நடப்பது. மச்சினனைச் செய்யலாம், மேலதிகாரியைச் செய்ய முடியாது. கிண்டல் என்ற சொல்லிலேயே கரண்டி இருக்கிறது. அல்வா கிண்டுகிற மாதிரி அடியிலிருந்து கிளற வேண்டும். நக்கலுக்கு மேலே நிற்க ஒரு திண்ணை வேண்டும். நையாண்டிக்குக் கூட்டம் வேண்டும்.

எழுத்தில் வரும்போது அங்கதம். வெளிப்படையாகத் திட்டினால் செம்பொருள் அங்கதம். மறைத்துத் திட்டினால் பழிகரப்பு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை (புறநானூறு 95), அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, "உன் வேல்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன; எங்கள் ஆளுடையவை பகைவரைக் குத்தி முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்ற பொருளில் பாடினாள். புகழ்ச்சிதான். கேட்டவனுக்கு வியர்த்திருக்கும்.

பகடி என்றால் ஒரு வடிவத்தை அப்படியே எடுத்து உள்ளே வேறு சரக்கு வைப்பது. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் காலட்சேபத்தின் மெட்டையும் நடையையும் எடுத்துக்கொண்டு கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தன் துடித்தது சிதம்பரம் போக. கிந்தன் துடித்தது படிக்கப் போக.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கைதான் என்னிடம் இருக்கிறது. யாரைச் சொல்கிறீர்களோ அவர் முகத்தைப் பாருங்கள், கூட்டத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள். விளையாட்டிலும் இகழ்ச்சி இன்னாதது என்பார் வள்ளுவர் (குறள் 995).

குலசேகரம், பெயர் வேண்டாம் என்பவர்: சிரிப்பு யோகா நல்லதா?

மேலே தக்கலைக்காரருக்குச் சொன்னதே.

சுசீந்திரம், நூலகர்: நம் மாவட்டத்தில் அங்கதத்துக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

கவிமணியின் நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம். யோசிக்கவே வேண்டாம். மருமக்கள் வழி என்பது அந்தக் காலத்துச் சொத்து முறை: மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்குப் போகும். கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் உரிமை கிடையாது, கொடுத்தால் கொஞ்சம். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி தன் கதையைச் சொல்கிறாள். தலைப்புகளை மட்டும் வாசியுங்கள்: குலமுறை கிளத்து படலம், மாமி அரசியற் படலம், நாகாஸ்திரப் படலம், கும்பியெரிச்சற் படலம். முதல் தலைப்பு கம்பனிடமிருந்து அப்படியே வந்தது. அங்கே ராமனின் குலம், இங்கே நம்மூர்க் காரணவரின், அதாவது சொத்தை ஆளும் குடும்பத் தலைவரின் குலம். அடுப்படிச் சண்டைக்குக் காவியச் சட்டை. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று ஒன்று உண்டு. திருவிதாங்கூர்ப் பேச்சில் கோடு என்றால் கோர்ட்டு. வழக்கு வழக்கு என்று அலைந்தே குடும்பத்தை முடித்த கதை.

பூதப்பாண்டி, ஓய்வுபெற்ற நர்ஸ்: சார், அதைச் சிரிப்புப் பாட்டு என்று சொல்லாதீங்க. என் அம்மாவைப் பெற்ற பாட்டி அப்படி ஒரு வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு இறங்கினவங்க. அது அழுகை.

அம்மா, நான் சிரிப்புப் பாட்டு என்று எழுதவில்லை, அங்கதம் என்று எழுதினேன். ஆனாலும் நீங்கள் சொல்வது புரிகிறது. தொல்காப்பியர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது சும்மா இல்லை.

இறச்சகுளம், வழக்கறிஞர்: குறுக்கிடுகிறேன். ஆண் ஒருவர் பெண் குரலில் எழுதி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறார். உங்கள் எச்சரிக்கைப்படி யார் முகத்தைப் பார்த்தார் கவிமணி?

பிடித்துவிட்டீர். பதில் இது: அவர் தேரூர்க்காரர், அதே சமூகத்தில் பிறந்தவர். வேலிக்கு வெளியே நின்று கல்லெறியவில்லை. தன் வீட்டுக் கூரையைத் தானே பிரித்தார். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்பவர் தம் உரையில் எள்ளலை இரண்டாக்குவார்: பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பது. மான்மியத்தில் இரண்டும் ஒரே வரியில் நடக்கிறது. மருமக்கள் வழியை மாற்றிய சட்டம் 1926இல் வந்தது. பாட்டு அதற்கு முன்பே பத்திரிகையில் வந்து, திண்ணைகளில் சண்டை மூட்டியாயிற்று.

வழக்கறிஞர்: பாட்டால் சட்டம் வந்ததா?

அப்படி நான் சொல்லமாட்டேன். கேட்ட காரணவர்களுக்கு வெட்கம் வந்திருக்கும் என்று மட்டும் சொல்வேன். அது என் ஊகம்.

வழக்கறிஞர்: அப்படியானால் அந்தப் பெண்ணைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்கிறீர்களா?

சிரித்திருப்பார்கள். எந்த அங்கதத்திலும் பாதிப் பேர் தவறான ஆளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அதற்கு எழுதியவன் கொஞ்சம் பொறுப்பு. முழுப் பொறுப்பு இல்லை. இதில் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

ஆரல்வாய்மொழி, திருமண நிகழ்ச்சித் தொகுப்பாளர்: மேடைக்கு மாமியார் ஜோக் நாலு தர முடியுமா?

மாமியார் முன்வரிசையில் இருப்பார். அவர் முகத்தைப் பாருங்கள். என்னிடம் ஜோக் இல்லை.

பூதப்பாண்டி, நர்ஸ்: சார், இன்னொன்று சொல்ல மறந்துட்டேன். அந்தப் பாட்டை யாராவது வாசிச்சா பாட்டி எழுந்து உள்ளே போயிடுவாங்க. ஆனா கோடேறிக் குடிமுடித்த படலம் வந்தா மட்டும் கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்கிற சத்தம் கேட்கும். வழக்கு நடத்தியே நிலத்தை எல்லாம் தொலைச்ச தாத்தாவ நினைச்சுத்தான்.

அம்மா, இரண்டு மணி நேரமாக நான் எழுதியதைவிட இது மேல். வழக்கறிஞர் இதை வாசிக்க வேண்டும்.

வழக்கறிஞர்: வாசித்தேன். என் தொழிலைத்தான் சிரித்திருக்கிறார்.

திங்கள்சந்தை, புதிதாகச் சேர்ந்தவர்: வணக்கம் சார். தினமும் காலையில் சிரித்தால் ஆயுசு கூடுமா?

ஆமா. பேச்சிப்பாறை பஸ்ஸில எடமும் கெடைக்கும்.