மரநாய் கவ்விய கோழி தேறுமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், வீட்டின் பின்கட்டில் ஆறு சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறோம். முந்தாநாள் இரவு ஏதோ ஒன்று பஞ்சாரத்தைக் கவிழ்த்து ஒரு பெட்டையைக் கவ்விவிட்டது. மரநாய் என்று நினைக்கிறோம். சத்தம் கேட்டு ஓடி விரட்டினோம். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருக்கிறது. அப்பத்தா மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் குழைத்து அப்பியிருக்கிறார். கோழி கண்ணை மூடிக்கொண்டு மூலையில் குந்தியிருக்கிறது, தீனி எடுக்கவில்லை. இனி தேறாது, அறுத்துவிடலாம் என்கிறார்கள். காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. கடிபட்ட கோழிகளில் பல, காயத்தால் அல்ல, அதிர்ச்சியால் முதல் இரவே போய்விடும். உங்கள் பெட்டை அதைத் தாண்டிவிட்டது. அறுக்கும் யோசனையை விடுங்கள். கடிபட்டுச் சுணங்கிக் கிடக்கும் கோழி குழம்புக்கும் ஆகாது.

முதலில் அதை மூலையிலிருந்து எடுங்கள். உங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் இன்னும் சீக்கிரம் எடுங்கள். சித்திரை வெயிலில் நமக்குச் சுகமாக இருக்கும் அந்தக் குளிர்ச்சி, அடிபட்ட கோழியின் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கோழிக்கு இயல்பான சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்து, கொண்டையும் வெளுத்திருந்தால் அதிர்ச்சி இன்னும் விடவில்லை. அட்டைப்பெட்டியில் சாக்கும் பழைய பருத்தித் துணியும் விரித்து, ஓரமாக வெந்நீர்ப் புட்டி ஒன்றைத் துணியில் சுற்றி வையுங்கள். சூடு மிகுந்தால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் புட்டியை எடுத்துவிடுங்கள். அரை இருட்டும் அமைதியும் பாதி மருந்து. பார்க்க வரும் அக்கம்பக்கத்தாருக்கு வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தூக்கும்போது நெஞ்சை அழுத்தாதீர்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பாசத்தில் இறுக்கிப் பிடித்தே கோழியைக் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது காயம். எல்லாரும் உரிந்த முதுகைப் பார்த்துப் பதறுகிறார்கள். எனக்கு அந்த முதுகைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. கோழித்தோல் மெல்லியது, எளிதில் கிழியும். அதேபோல் சுத்தமாக வைத்திருந்தால் சில வாரங்களில் ஆச்சரியப்படும்படி மூடிக்கொள்ளும். நான் தேடுவது பல் இறங்கிய சின்னத் துளைகளை. வெளியே மிளகளவு இருக்கும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச் அடித்து, இறகுகளை எதிர்ப்பக்கமாக வாயால் ஊதிக்கொண்டே பாருங்கள். இறக்கைக்கு அடியில், தொடை இடுக்கில், கழுத்தின் பின்புறம், வாலுக்கு அருகில். விரலால் மெல்லத் தடவும்போது தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குவது போல் உணர்ந்தால், கோழி மூச்சுவிட உதவும் காற்றுப்பை கிழிந்து தோலுக்கடியில் காற்று ஏறியிருக்கிறது. அப்படியானால் மேற்கொண்டு கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

அப்பத்தாவின் மஞ்சளோடு எனக்குச் சண்டை இல்லை. சாம்பலோடுதான் சண்டை. காரமான சாம்பல் பச்சைப் புண்ணை அரிக்கும், துளையை மேலே அடைத்து உள்ளே சீழ் கட்ட விடும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம், அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, வெதுவெதுப்பாக, ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிப் பீய்ச்சி ஊறவைத்துக் கழுவுங்கள். சுரண்டாதீர்கள். பிறகு பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, பாலில்லாத தேநீர் நிறத்துக்கு வந்ததும் காயத்தில் விடுங்கள். நாளுக்கு இரண்டு முறை போதும். டெட்டால், ஃபினாயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கடிவாயைத் தைக்கவும் வேண்டாம். விலங்கின் வாய்க்கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம் அது.

ஈக்கள்தான் நம் ஊரில் இரண்டாவது எதிரி. ஈ மொய்த்த புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பெட்டியின் மேல் கொசுவலையைப் போர்த்துங்கள். வேப்பெண்ணெயைப் புண்ணில் ஊற்றாமல் சுற்றியுள்ள தோலில் மட்டும் தடவலாம்.

மூன்றாம் நாள் காயத்தைச் சுற்றிப் பச்சையாகத் தெரிந்தால் அழுகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். கன்றிய இடம் நமக்கு நீலமாகும், கோழிக்குப் பச்சையாகும். அவ்வளவுதான். கறுத்துப் போய் நாற்றமடித்தால்தான் அழுகல். சீழும் நமக்கு வருவது போல் ஒழுகாது, பாலாடைக்கட்டி போல் கெட்டியாக நிற்கும். பார்த்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

துளைக் காயம் இருக்கிறது என்றால் எப்படியும் கால்நடை மருந்தகத்துக்குப் போகத்தான் வேண்டும். கொண்டுபோக வசதியில்லை என்றால் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் பேசிப் பாருங்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லாத உயிருக்கு வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்து ஊகமாகக் கொடுக்காதீர்கள். முக்கியமாக வலிக்கென்று டைக்ளோஃபினாக் கொடுக்கவே வேண்டாம். பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொத்துக்கொத்தாகச் சாகடித்ததால், 2006இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அது. மருத்துவர் கிருமிக்கொல்லி எழுதினால், எத்தனை நாள் வரை முட்டையைச் சாப்பிடக்கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீனியைவிடத் தண்ணீர் அவசரம். ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், அதுவே நக்கிக்கொள்ளும். வாயைப் பிளந்து ஊற்றினால் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு அவித்த முட்டை மசியல், குழைந்த சோறு, கெட்டியான கேழ்வரகுக் கூழ் என்று கொடுங்கள். எச்சம் பச்சையாக இருப்பது பெரும்பாலும் பட்டினியின் அடையாளம். தீனி இறங்கினால் மாறும்.

முட்டையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சுவர்ப்பூச்சுக்கே முட்டை வெண்கரு சேர்த்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் பல வாரம் ஆகலாம். பிடுங்கப்பட்ட இறகு முளைத்துவிடும். ஒடிந்த இறகு அடுத்த உதிர்வு வரை அப்படியேதான் இருக்கும்.

காயத்தின் சிவப்பு மறையும் வரை மற்ற ஐந்தோடும் விடாதீர்கள், கொத்தியே கொன்றுவிடும். ஆனால் கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். முற்றாகப் பிரித்துவிட்டால் திரும்பிவரும்போது புதுக்கோழி என்று நினைத்து விரட்டும். தோல் மூடியதும், இருட்டிய பிறகு மற்றவை அடைந்திருக்கும்போது பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

விரட்டப் போனபோது உங்களில் யாருக்காவது கடியோ கீறலோ பட்டிருந்தால், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கோழியைவிட இது அவசரம்.

வந்தது மரநாய்தான் என்றால் மறுபடியும் வரும். பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் ஓட்டுக்கூரை அதற்கு அரண்மனை. விஷம் வைப்பதும் பொறி வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பஞ்சாரத்தின் மேல் அம்மிக்கல்லை ஏற்றுவது இன்றிரவுக்கு ஆகும். நாளை முதல் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலைக்கூண்டு வேண்டும். மெல்லிய கோழிவலையை நாய் கிழித்துவிடும். அங்கணத்துத் தண்ணீர் வெளியேறும் துளைக்கும் ஒரு துண்டு வலை அடித்துவிடுங்கள், பகலில் கீரி வரும் வழி அதுதான்.