ஃபங்ஷன் தன் பெயரைத் தானே சொல்லுமா? கேள்வி பதில்

தஞ்சை வட்டாரத்தில் பம்ப்செட்டுக்கு ஆர்டுயினோ (சி, சி++ மொழியில் ப்ரோக்ராம் எழுதும் சின்ன போர்டு) கன்ட்ரோலர் செய்யும் நண்பர்கள் கேட்டவை இவை.

மன்னார்குடி: லாகில் (ப்ரோக்ராம் ஓடும்போது எழுதிவைக்கும் குறிப்பு) ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான தனி கோட் பகுதி) பெயரைக் கையால் டைப் செய்கிறேன். சரியா அண்ணா?

வேண்டாம் தம்பி. நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். மேட்டூர் திறக்கும் முன்பே போர் தண்ணீரில் குறுவை நாற்று விடுகிற சமயம், நடு ராத்திரியில் மோட்டார் நின்றுவிட்டது. லாகில் ‘மோட்டார்_ஆன்: ரீடிங் தப்பு’ என்று இருந்தது. விடியும் வரை அந்த ஃபங்ஷனையே குடைந்தேன். தப்பு இருந்ததோ ஃபேஸ்_செக் என்ற வேறு ஃபங்ஷனில். வரியைக் காப்பி செய்து ஒட்டியபோது பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறேன். பெயர் கம்பைலருக்கே (கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தெரியும், __ஃபங்க்__ (__func__) என்று போட்டால் தந்துவிடும். சி-யில் 1999 தரத்திலிருந்தும் சி++-இல் 2011-லிருந்தும் உண்டு.

திருவாரூர்: ‘பிழை’ என்ற ஸ்ட்ரிங்குக்குப் (மேற்கோளுக்குள் எழுதும் சொல்) பக்கத்தில் __ஃபங்க்__-ஐ ஒட்டினால் எரர் வருகிறதே, அது மேக்ரோதானே (எழுதிய இடத்தில் வேறு கோடாக விரியும் பெயர்)?

இல்லைங்க. __ஃபைல்__, __லைன்__ இரண்டும் ப்ரீபிராசசர் (கம்பைல் ஆகும் முன் மேக்ரோக்களை விரிக்கும் கட்டம்) நிரப்புபவை. அதற்குக் கோப்பும் வரி எண்ணும் தெரியும். ஒரு ஃபங்ஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது. அது பிறகு கம்பைலர் கண்டுபிடிக்கிற விஷயம். அதனால் __ஃபங்க்__ என்பது ஃபங்ஷனுக்குள் கம்பைலரே அறிவித்துக்கொள்ளும் ஒரு ஸ்டாடிக் கான்ஸ்ட் அரே (மாறாத எழுத்து வரிசை). அரேயை ஸ்ட்ரிங்கோடு ஒட்ட முடியாது, பிரிண்ட்எஃப்பில் %எஸ் போட்டுக் கொடுங்கள்.

கும்பகோணம்: லாக் ஃபங்ஷனுக்குள் போட்டேன். எப்போதும் ‘லாக்’ என்றே வருகிறது.

எழுதிய இடத்தின் பெயர்தான் வரும், கூப்பிட்டவர் பெயர் வராது. லாக்குக்கு மேலே ஒரு மேக்ரோ எழுதி, அதிலிருந்து __ஃபங்க்__-ஐ அனுப்புங்கள். மேக்ரோ கூப்பிட்ட இடத்தில் விரிவதால் சரியான பெயர் கிடைக்கும். சி++20 இருந்தால் சோர்ஸ்_லொகேஷனை (கூப்பிட்ட இடத்தின் விவரம் தருவது) டிஃபால்ட் ஆர்க்யுமென்ட்டாக வையுங்கள், மேக்ரோவே வேண்டாம்.

சீர்காழி: __ப்ரிட்டி_ஃபங்ஷன்__ எதற்கு?

ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் உண்டு. சி++-இல் கிளாஸ், ஆர்க்யுமென்ட் வகை எல்லாம் சேர்த்துத் தரும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அதற்கு __ஃபங்க்சிக்__ (__FUNCSIG__). தரத்தில் இரண்டுமே இல்லை.

மயிலாடுதுறை: ஊனோ போர்டில் எஃப் மேக்ரோவுக்குள் __ஃபங்க்__ ஏற மாட்டேன் என்கிறது.

ஸ்ட்ரிங்கை ராமில் ஏற்றாமல் ஃபிளாஷ் மெமரியிலேயே வைக்கும் எஃப் மேக்ரோவுக்கு நேரடி ஸ்ட்ரிங்தான் வேண்டும், இதுவோ அரே. ஊனோ ஆர்3 போர்டில் மொத்த ராமே 2 கேபி. இந்தப் பெயர்கள் அதில்தான் உட்காரும். பயன்படுத்தாத ஃபங்ஷனுக்கு இடம் பிடிக்காது. அதனால் சென்சார் படிக்கும் இடத்திலும் ரிலே போடும் இடத்திலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.