‘இரு’ என்று சொன்னது யார்?

கேள்வி: கண்டியில் ஆண்டுதோறும் நடக்கும் இந்திய – இலங்கை விரிவுரைத் தொடருக்கு இம்முறை எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. இதனாலெல்லாம் இரு நாடுகளுக்கும் இடையே புரிந்துணர்வு வளருமா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: ‘இரு நாடுகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரு என்றால் இரண்டு. ‘போகாதே, இங்கேயே இரு’ என்பதற்கும் அதே சொல்தான். மலையகத் தமிழரான நமக்கு நாடு இரண்டு இருந்தும், ‘இரு’ என்று சொன்ன நாடு ஒன்றுகூட இல்லை.

1948இல் கொழும்பு ஒரு சட்டம் போட்டு நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார்கள். 1974இல் இந்திரா காந்தியோடு பேசி அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கியாயிற்று. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கழிப்பதையாவது நாம் எதிரே நின்று பார்க்கலாம். இந்தத் தராசுக்குப் பக்கத்தில் நம்மை யாரும் கூப்பிடவில்லை. புரிந்துணர்வுக்கு அன்றைக்கு என்ன குறை? இரு நாடுகளும் ஒன்றையொன்று நன்றாகவே புரிந்துகொண்டன.

என் சித்தி 1971இல் அட்டனில் கோச்சி (ரயில்) ஏறினார். தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் கரை, மண்டபம் முகாம், கடைசியில் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டம். மறுபடியும் அதே கொழுந்து. அங்கே அவர் சிலோன்காரி. இங்கே தங்கிவிட்ட நாம் பதிவேடுகளில் இந்தியத் தமிழர். கோச்சி நகர்ந்தபோது பாட்டி ஜன்னல் கம்பியை விடாமல் ‘இருடி, இருடி’ என்று மேடை முடியும்வரை கூடவே ஓடினாராம். பாட்டி ஒருத்திதான் அந்தச் சொல்லைச் சொன்னவர். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லை.

விரிவுரைக்கு நானும் மூன்று வருடம் போனேன். பொன்னாடைகள் முடிந்து பேராசிரியர் வாய் திறப்பதற்குள் எனக்குப் பசி வந்துவிடும். அழைப்பிதழில் ‘தேனீர் விருந்து’ என்றிருந்தது. தேயிலையின் தே, அதனால் தேநீர். தேனீர் என்றால் தேனும் நீரும். தேயிலை மலையில் அச்சடிக்கிறவர்களுக்கே இது தெரியவில்லை என்று இதே பக்கத்தில் எழுதினேன். அதனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஏழு வருடமாக என்னோடு பேசுவதில்லை. போன மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு மட்டும் வந்தது, அதிலும் தேனீர். வேண்டுமென்றே செய்திருக்கிறார்! விரிவுரையில் ஊற்றியதோ தேனும் இல்லை, தேயிலையும் இல்லை. டஸ்ட் தூளில் பால்மா கரைத்த ஏதோ ஒன்று. நல்ல தூளெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது.

நீங்கள் அவசியம் போய்வாருங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து அந்த 1,50,000 பேரைப் பற்றிக் கேளுங்கள். ஒலிவாங்கி உங்கள் வரிசைக்கு வருமுன் நன்றியுரை தொடங்கிவிட்டால், வெளியே வந்து ஒரு கோப்பை குடியுங்கள். இம்முறை அழைப்பிதழில் இரண்டு சுழி ‘ன’வா, ‘ந’வா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.