முடிவுத் தேதி இல்லாத கடன்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 34,000. கிரெடிட் கார்டில் 90,000 பாக்கி. மாதம் மூன்றரை சதவீத வட்டி, மினிமம் 4,500 மட்டும் கட்டி வருகிறேன். ஆப் கடன் 40,000, மாதம் 5,020 வீதம் இன்னும் 9 தவணை. போனுக்கு 3,000 வீதம் மூன்று தவணை. தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) 50,000 வாங்கி, புரோநோட்டும் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கும் கொடுத்திருக்கிறேன். பேங்கில் நகை வைத்து 9 சதவீதத்துக்கு 70,000. மாதம் 14,545 இதற்கே போகிறது. எல்லாவற்றையும் அடைக்க, சம்பளக் கணக்கு இருக்கும் பேங்கில் 15 சதவீதத்துக்கு 2,60,000 தருகிறார்கள். 5 வருஷம், தவணை 6,185தான். ஒரு ஃபைனான்ஸில் ஃப்ளாட் 12 சதவீதம் என்கிறார்கள். எதை எடுக்கட்டும்? பேங்கில் 3 லட்சம்கூடத் தருவார்களாம். மிச்சத்தில் வாஷிங் மெஷின் வாங்கலாமா? சிபில் (கடன் மதிப்பெண்) குறையுமா? வீட்டுக்காரருக்கு இதில் பாதி தெரியாது.

க., திருப்பூர்.

அன்புள்ள க.,

வாஷிங் மெஷின் வேண்டாம். சிபில் கொஞ்சம் இறங்கும், ஒழுங்காகக் கட்டினால் ஏறும், அதை விடுங்கள். ஃப்ளாட் 12 என்பது பேங்கின் 15-ஐவிட அதிகம். அசல் குறையக் குறைய வட்டி குறையாது, முதல் நாள் அசலுக்கே கடைசிவரை வட்டி போடுவார்கள். லட்சம் ரூபாய்க்கு 36 மாதத் தவணை பேங்கில் 3,467, அவர்களிடம் 3,778. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது "6,185தான்" என்பதில் இருக்கும் அந்த 'தான்'. தவணை குறைந்தால் கடனே குறைந்துவிட்டதாக நாம் எல்லோரும் மனசைத் தேற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதுகிறவர் நீங்கள். 6,185-ஐ அறுபதால் பெருக்கிப் பார்க்கவில்லையா? 3,71,100 வருகிறது. வட்டி மட்டும் 1,11,100. கம்பெனி லெட்ஜரில் ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் விட்டுவிடுவீர்களா?

வட்டி குறைவாக இருந்தால் மாற்றிக்கொள்வதுதானே லாபம் என்று கேட்பீர்கள். ஆப் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தவணையை வைத்துப் பார்த்தால் அதன் வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 30 சதவீதம், பேங்கைப்போல இரண்டு மடங்கு. ஆனால் 5,020 வீதம் ஒன்பது தவணை கட்டினால் மொத்தம் 45,180. இனி நீங்கள் தரப்போகும் வட்டி 5,180. அதே 40,000-ஐ பேங்கின் 15 சதவீதத்துக்கு மாற்றி மூன்று வருஷம் கட்டினால் வட்டி 9,920. ஐந்து வருஷம் என்றால் 17,000-க்கு மேல். வட்டி விகிதம் பாதியானது, கொடுக்கும் வட்டியோ மூன்று மடங்கானது. காரணம் காலம். ஒன்பது மாதத்தில் செத்துப்போகிற கடனை அறுபது மாதம் உயிரோடு வைத்துத் தீனி போடுகிறீர்கள்.

ஆகவே கடன்களை வட்டியை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். எதற்கு முடிவுத் தேதி இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரியுங்கள். போன் மூன்று மாதத்தில் முடியும், ஆப் ஒன்பதில் முடியும். நகைக் கடன் முக்கால் வட்டி. அதைக் கொண்டுபோய் ஒன்றேகால் வட்டியில் சேர்ப்பானேன்? ஆண்டு முடிவதற்குள் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தால் போதும்.

முடிவே இல்லாதவை இரண்டு. ஒன்று கார்டு. 90,000-க்கு ஒரு மாத வட்டி 3,150. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 567. நீங்கள் கட்டும் 4,500-ல் இவை போக அசலில் கழிவது 783 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத அந்த ஐம்பது நாள் சலுகை உங்களுக்குக் கிடையாது. இன்னொன்று மூணு வட்டி. மாதம் 1,500 கொடுத்துக்கொண்டே இருக்கலாம், பத்து வருஷம் கழித்தும் 50,000 அப்படியே நிற்கும். இந்த இரண்டுக்காக மட்டும் லோன் எடுங்கள்: 1,40,000. மூன்று வருஷம். தவணை 4,853, மொத்த வட்டி சுமார் 34,700.

முதல் மாதம் பெரிய நிம்மதி தெரியாது, 14,545 என்பது 13,398 ஆகும், அவ்வளவுதான். போன் தவணை முடிந்து நாலாவது மாதம் 10,398. ஆப்பும் முடிந்து பத்தாவது மாதத்திலிருந்து 5,378. இதுவரை பல்லைக் கடித்துக் கட்டிய அதே 14,545-ஐத் தொடர்ந்து ஒதுக்கினால், மிச்சமாவதில் முதல் 15,000-ஐத் தனிக் கணக்கில் அவசரத்துக்கு வைத்துவிட்டாலும், ஒன்றரை வருஷத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். அந்தப் பதினைந்தாயிரம் இல்லாததால்தானே அம்மா, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒவ்வொரு பள்ளிக் கட்டணத்துக்கும் ஒரு புதுக் கடன் முளைக்கிறது.

ஆப் தவணை இப்போதே பவுன்ஸ் ஆகிறது என்றால் மட்டும் கதை வேறு. அப்போது அதையும் சேருங்கள், ஆனால் முன்கூட்டி அடைத்தால் ஆப் என்ன கட்டணம் போடுகிறது என்று பார்த்துவிட்டு.

பேங்கில் கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவரத் தாளை (Key Facts Statement) கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி அதில் தனியாக இருக்கும். 15 என்று சொன்னது அங்கே 16-ஐத் தாண்டி நிற்கலாம். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 3,304 பிடித்துக்கொண்டுதான் கணக்கில் போடுவார்கள். அந்தத் தொகையைக் கையில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் அடைக்கும் நாளில் மூவாயிரம் குறையும், மறுபடி கார்டைத் தேய்ப்பீர்கள். இன்சூரன்ஸ் சேர்த்திருந்தால் கட்டாயமா என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். பாதியில் ஒரு தொகை கட்டினால் அபராதம் உண்டா, எத்தனை தவணைக்குப் பிறகு அனுமதி என்பதையும் எழுத்தில் பாருங்கள்.

பணம் வந்த அன்றே கார்டைக் கட்டுங்கள். ஸ்டேட்மெண்டில் உள்ள தொகையை அல்ல, அன்றைய தேதிக்கு முழுப் பாக்கி எவ்வளவு என்று கேட்டு. அப்படியும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த ஸ்டேட்மெண்டில் சில நூறு ரூபாயாக வரும். கட்டியாயிற்றே என்று அதைப் பார்க்காமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும். பிறகு கார்டின் லிமிட்டை 15,000-க்கு இறக்கச் சொல்லுங்கள். காலியான கார்டு 90,000 லிமிட்டோடு பர்ஸில் இருந்தால் இரண்டு வருஷத்தில் லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மூணு வட்டிக்காரரிடம் தனியாகப் போகக் கூடாது என்பதற்காகவாவது சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் போட்ட செக்கை ஒருவரிடம் கொடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்று தெரியுமா? தொகையை அவர் எழுதிக்கொள்ளலாம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் உங்கள்மேல் கிரிமினல் வழக்கு. 50,000-ஐக் கணக்கு மூலமாகவே அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம். இருவரும் நேரில் போய், புரோநோட்டின் பின்னால் அசலும் வட்டியும் முழுவதும் வரவு என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கி, நோட்டையும் இரண்டு செக்கையும் எண் சரிபார்த்துக் கையோடு வாங்கி வாருங்கள். செக் தொலைந்துவிட்டது என்று அவர் சொன்னால், அதையே எண்ணோடு எழுதித் தரச் சொல்லிவிட்டு, அன்றே பேங்குக்குப் போய் அந்த இரண்டு எண்களுக்கும் பணம் தர வேண்டாம் என்று ஸ்டாப் பேமெண்ட் கொடுங்கள்.