போனைப் பிடுங்கினா அதுவே தனி கேஸ்

கேள்வி: டெக்சாஸ்ல இருக்கோம். போன மாசம் வீட்டுக்காரரோட சண்டை முத்திப்போய் அவர் கையை ஓங்கிட்டு வந்தார், நான் அவசர உதவி நம்பர் 911 அடிக்கப் போனேன், போனைப் பிடுங்கி சோபாவுக்குப் பின்னாடி வீசிட்டார். அடிக்கல. கால் போகவே இல்ல. இப்போ கேட்டா "உன்னைத் தொடக்கூட இல்லையே, போன் என் பேர்ல இருக்கு, பில்லு நான்தான் கட்டுறேன், இதுல என்ன தப்பு"ங்கறார். நிஜமாவே தப்பு இல்லையா? (பெயர் வேண்டாம்)

பதில்: தப்புதான் சகோதரி, அதுவும் சட்டப் புத்தகத்துல தனி செக்‌ஷன் போட்டு எழுதி வெச்சிருக்கற தப்பு. டெக்சாஸ் பீனல் கோட் (குற்றவியல் சட்டம்) 42.062. அவசர உதவி கேக்க விடாம ஒருத்தரை தெரிஞ்சே தடுத்தாலோ குறுக்க வந்தாலோ குற்றம், அவ்வளவுதான். கால் போச்சா போகலையாங்கறது இங்க பேச்சே இல்ல, போக விடாம பண்றதுதானே குற்றம், அதனால "கால் போகவே இல்ல"ன்னு நீங்க தயங்கி எழுதியிருக்கீங்க பாருங்க, அது அவருக்கு சாதகமான விஷயம் இல்ல.

அடுத்து, அடி விழலையேன்னு ஒரு சமாதானம். "எமர்ஜென்சி"ன்னா என்னன்னு அந்த செக்‌ஷனே சொல்லுது: இப்பவே அடி விழப்போகுதுன்னு பயப்படற நிலைமை, போன் பண்றவர் நியாயமா அப்படி நம்பினாலே போதும். கையை ஓங்கிட்டு வந்தார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அடிச்சாரா இல்லையாங்கறது ஒரு கேள்வி, உதவி கேக்க விட்டாராங்கறது வேற கேள்வி, முதல் கேள்வில தப்பிச்சாலும் ரெண்டாவதுல மாட்டலாம்.

போன் யார் பேர்ல இருக்கு, பில்லு யார் கட்டறாங்கங்கறதை அந்த செக்‌ஷன் கேக்கவே இல்ல. (இந்த "பில்லு நான்தான் கட்டுறேன்" டயலாக் இல்லாத கடிதமே எனக்கு வர்றதில்ல, பில்லு கட்டினா பொண்டாட்டி குரலையும் சேர்த்து வாங்கிட்டதா ஒரு நினைப்பு.) போனைத் தூக்கிப் போட்டு உடைச்சு, அதனால கால் பண்ண முடியாம போனாலும் இதே செக்‌ஷன்தான்.

தண்டனை சின்னது இல்ல. முதல் தடவை கிளாஸ் ஏ மிஸ்டிமீனர் (ஃபெலனிங்கற பெரிய குற்றத்துக்குக் கீழ் நிலை), 1 வருஷம் வரைக்கும் ஜெயில், 4,000 டாலர் வரைக்கும் அபராதம். ஏற்கனவே இதே குற்றத்துல தண்டனை வாங்கினவர்னா ஸ்டேட் ஜெயில் ஃபெலனி ஆயிடும், அது 180 நாள்ல இருந்து 2 வருஷம்.

புகார் கொடுக்கறதா வேண்டாமாங்கறது உங்க முடிவு, ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. இங்க கேஸ் போட்டப்புறம் "வாபஸ் வாங்கிக்கறேன்"னு நீங்க சொன்னா முடிஞ்சிடாது, அது பிராசிக்யூட்டர், அதாவது அரசு வக்கீல் கையில இருக்கு. அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 1-800-799-7233, நேஷனல் டொமெஸ்டிக் வயலன்ஸ் ஹாட்லைன் (குடும்ப வன்முறைக்கான உதவி லைன்), 24 மணி நேரமும் எடுப்பாங்க. அவர் எடுத்துப் பாக்க முடியாத போன்ல இருந்து கூப்பிடுங்க, கால் லிஸ்ட்ல நம்பர் நிக்கும்.

கேள்வி: நான் எதிர்ப்பக்கம் இருந்து கேக்கறேன். வாஷிங்டன் ஸ்டேட். கோவத்துல மனைவி 911 அடிச்சிட்டா என் விசா, வேலை எல்லாம் போயிடுமேங்கற பயத்துலதான் போனை வாங்கி வெச்சேன். கொஞ்சம் தள்ளி விட்டேன், அவ்வளவுதான். பயத்துல பண்ணினதைக்கூட குற்றம்னா எப்படி?

பதில்: "கொஞ்சம் தள்ளி விட்டேன்"ங்கறதை இவ்வளவு சுலபமா தாண்டிப் போறீங்களே சார். வாஷிங்டன்ல இதுக்குன்னே ஒரு சட்டம், ஆர்.சி.டபிள்யூ. (அந்த ஸ்டேட்டோட சட்டத் தொகுப்பு) 9ஏ.36.150. குடும்ப வன்முறைக் குற்றம் ஒண்ணு நடந்து, அதைப் பத்தி 911 கூப்பிட விடாம, டாக்டர்கிட்ட போக விடாம, போலீஸ்ல சொல்ல விடாம தடுத்தா அது தனியா கிராஸ் மிஸ்டிமீனர். தடுக்க முயற்சி பண்ணினாலே போதும். பாதிக்கப்பட்டவங்களை மட்டும் இல்ல, பாத்துட்டு இருந்த சாட்சியைத் தடுத்தாலும் அதேதான், அதாவது உங்க பையனோ மாமியாரோ போன் எடுக்கப் போய் நீங்க பிடுங்கினாலும் மாட்டுவீங்க. தள்ளினதுதான் முதல் குற்றம், அது இல்லாட்டி இந்த செக்‌ஷன் வராது, ஆனா அதை நீங்களே ஒத்துக்கிட்டு கடிதம் போட்டுட்டீங்க.

விசா விஷயம். குடும்ப வன்முறைக் குற்றத்துல தண்டனை ஆனா அது நாடு கடத்தறதுக்கு ஒரு காரணமா ஃபெடரல் இமிக்ரேஷன் சட்டத்துலயே இருக்கு, அதனால பயம் பொய் இல்ல. ஆனா அந்த பயத்துக்கு நீங்க கண்டுபிடிச்ச வைத்தியம் ஒரு குற்றச்சாட்டை ரெண்டாக்கறது. அவங்க பொய்ப் புகார் கொடுத்தா அதுக்கும் சட்டம் இருக்கு, வக்கீல் இருக்கார், கோர்ட் இருக்கு. அடுத்த தடவை கோவம் ஏறுச்சுன்னா சாவியை எடுத்துக்கிட்டு வெளியில போய் நில்லுங்க, போன் அவங்ககிட்டயே இருக்கட்டும். கிரிமினல் வக்கீலைப் பாக்கறப்போ இமிக்ரேஷன் வக்கீலையும் சேர்த்துப் பாருங்க, ஒருத்தர் சொல்ற சமரசம் இன்னொருத்தர் பக்கம் வெடிக்கலாம்.

கேள்வி: இதெல்லாம் செல்போன் வந்தப்புறம் வந்த சட்டங்களா?

பதில்: இல்லவே இல்ல. அமெரிக்காவுல ஒரே லைனை நாலஞ்சு வீடு பகிர்ந்துக்கிட்ட காலம் ஒண்ணு இருந்தது, பார்ட்டி லைன்னு பேர், ஒருத்தர் பேசிட்டிருந்தா மத்தவங்க காத்திருக்கணும். பக்கத்து வீட்ல தீப்பிடிச்சு எரியும்போது ஒரு அம்மா சமையல் குறிப்பு சொல்லி முடிக்கற வரைக்கும் லைனை விடலைன்னா? கலிபோர்னியா பீனல் கோட் 384 இதுக்குத்தான். தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ்னு அவசரம் சொல்லியும் லைனை விட்டுக் கொடுக்காட்டி குற்றம். எனக்குப் பிடிச்சது மறுபாதி, அவசரமே இல்லாம அவசரம்னு பொய் சொல்லி லைனை வாங்கினாலும் குற்றம், சட்டத்தை எழுதினவருக்கு மனுஷங்களை நல்லாத் தெரிஞ்சிருக்கு. மினசோட்டாவுல காசு போட்டுப் பேசற போனையும் இதே மாதிரி சட்டத்துல சேர்த்தாங்க. பின்னால கலிபோர்னியாவுலயே 591.5ன்னு ஒண்ணு வந்து, குற்றத்தைப் பத்தி சொல்ல விடாம செல்போனை உடைக்கறது, பிடுங்கறதுக்குன்னு தனியா நிக்குது.

கேள்வி: டியூஷன் சென்டர் நடத்தறேன். பசங்க போனை நோண்டாம இருக்க ஆன்லைன்ல சிக்னலைத் தடுக்கற ஜாமர் ஒண்ணு பாத்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விக்கறதும் உபயோகிக்கறதும் ரெண்டும் ஃபெடரல் சட்டப்படி தப்பு, உங்க சொந்த இடம்ங்கறதெல்லாம் செல்லாது. ஃபுளோரிடாவுல ஒருத்தர் மத்தவங்க கார் ஓட்டிட்டே போன் பேசறது பிடிக்கலைன்னு தன் கார்ல ஜாமர் வெச்சுக்கிட்டு டாம்பா பக்கம் தினமும் வேலைக்குப் போயிட்டிருந்தார், செல்போன் கம்பெனி புகார் பண்ணி எஃப்.சி.சி. (தொலைத்தொடர்பைக் கவனிக்கற ஃபெடரல் அமைப்பு) தேடிப் பிடிச்சு 48,000 டாலர் அபராதம் போட்டாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா ஜாமருக்கு அரட்டை எது 911 எதுன்னு தெரியாது. ஒரு கூடை வெச்சு போனை வாங்கி வைங்க, எடுக்கற தூரத்துல.

கேள்வி: பழைய போன் ஒண்ணை ஒளிச்சு வெச்சா, சிம் இல்லாம 911 போகுமா?

பதில்: போகும். பிளான் இல்லாத போனா இருந்தாலும் 911 காலை எடுத்துக்கிட்டுப் போகணும்னு எஃப்.சி.சி. விதி. சில விஷயம் மட்டும் கவனம். ரொம்ப பழசு உதவாது, 2022ல பெரிய கம்பெனிகள் 3ஜியை நிறுத்திட்டாங்க, அதனால 4ஜியோ மேலயோ இருக்கணும், அப்பப்போ சார்ஜ் போட்டு வைங்க. சிம் இல்லாததுல 911க்கு டெக்ஸ்ட் போகாது, சிம் இருந்தாலும் எல்லா ஊர்லயும் டெக்ஸ்ட் வசதி வரல. முக்கியமா, லைன் கட்டானா அவங்களால உங்களைத் திரும்பக் கூப்பிட முடியாது, அதனால எடுத்த உடனே அட்ரஸ் சொல்லுங்க, அப்பார்ட்மென்ட் நம்பரோட, கதை அப்புறம். இங்கிலீஷ் தடுமாறினா "தமிழ்"னு சொல்லிட்டு லைன்லயே இருங்க, மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்க முயற்சி பண்ணுவாங்க. குழந்தை தெரியாம அமுக்கிட்டா கட் பண்ணாதீங்க, தவறுதலா வந்துடுச்சுன்னு சொல்லிட்டு வைங்க, இல்லாட்டி என்ன ஆச்சோன்னு அவங்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.