மூன்று நாள் லீவுக்கு ஊரிலிருந்து குடும்பம் வருகிறது. சென்னையில் எங்கே அழைத்துப் போகலாம்?

ஈசிஆர் பக்கம் மட்டும் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

சனி, ஞாயிறோடு ஒட்டி ஒரு நாள் லீவு விழுந்தால், சென்னையில் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மீதியில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் மாமல்லபுரம் ரோட்டில் வரிசை கட்டி நிற்பார்கள். முட்டுக்காடு தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கியே போவார்கள். ஊருக்குள் ரோடு காலியாகக் கிடக்கும்போது அங்கே போய் எதற்கு நிற்க வேண்டும்? மாமல்லபுரம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், விடியும் முன் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கோவில்பட்டியிலிருந்து அம்மாவும் அண்ணன் குடும்பமும் வருவார்கள். அத்தனை பேருக்கும் ஒரே இடம் பிடித்தது என்றால் அது எழும்பூர் மியூசியம்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்த அண்ணன் பிள்ளைகள், திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அதை விட்டு நகரவில்லை. அம்மாவுக்குச் செப்புத் திருமேனிக் கூடம். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு சிலை முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்த அம்மா, அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நின்றுவிட்டார். "ஏண்டா, சாமி பக்கம் ரெண்டு கை இருக்கு, அம்மன் பக்கம் ஒண்ணுதான இருக்கு?" உண்மைதான், அந்தச் சிலைக்கு மூன்றே கை. நான் பதில் தேடுவதற்குள் அண்ணி, "ஒரு கையை வச்சே எல்லா வேலையும் பாத்திருவா அத்தை" என்றார். அண்ணன் அடுத்த சிலைக்கு நகர்ந்துவிட்டான்.

ஒன்று கவனியுங்கள்: மியூசியம் வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். நமக்கு நீண்ட லீவு கிடைப்பதே பல சமயம் குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டித்தான். அதனால் சனி அல்லது ஞாயிறு காலையை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

கபாலீஸ்வரர் கோயிலுக்கும் காலைதான் நல்லது. மதியம் நடை சாத்திவிடுவார்கள். மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்திருப்பதால் கார் வேண்டாம். வேளச்சேரியிலோ கடற்கரை ஸ்டேஷனிலோ பறக்கும் ரயில் ஏறி, திருமயிலையில் இறங்கி நடந்துவிடலாம். சிறுவர்களுக்குக் கோயிலை விட அந்த ரயில்தான் பிடிக்கும், பரவாயில்லை.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குங்கள். சென்னை வெயிலில் வயசானவர்களை ஒரே நாளில் நாலு இடம் இழுத்தடிப்பது பாவம்.

மாலையில் மெரினா. முட்டி வலிக்காரர்கள் இருந்தால் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இறங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் போட்ட மரப்பாதை அங்கேதான் இருக்கிறது. மணலில் கால் புதையாமல் கடலுக்குப் பக்கம் வரை போகலாம். வழியெல்லாம் மணலுக்குப் பயந்துகொண்டு வந்த அம்மா, அலையைப் பார்த்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் இறங்கிவிட்டார். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கரையை ஒட்டியே இழுப்பு அதிகம், குளிக்க விடவே கூடாது. காணும் பொங்கல் அன்று மட்டும் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

தி.நகர் கேட்பவர்களைத் தனியாக அனுப்புங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் வேண்டியபோது மட்டும் இறங்கிக்கொள்ளலாம்.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் ஆட்களுக்கு ஒரு வசதி. கூட்டம் வெள்ளி இரவு சென்னையை விட்டுப் போகும், லீவு முடியும் இரவு சென்னைக்குத் திரும்பும். அவர்கள் இரண்டு தடவையும் எதிர்த்திசையில் வருகிறார்கள். இருந்தாலும் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, அப்போதே போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு லோயர் பெர்த் வேண்டுமே.