சுண்டெலி ஸ்கேனை வேகமாக்க எங்கே கை வைக்கலாம்?

கேள்வி: பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சுண்டெலியின் தொடையில் வளரும் கட்டியை டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்து செலுத்தி, உடலிலிருந்து வரும் காமாக் கதிர்களைப் பிடித்து முப்பரிமாணப் படம் தரும் ஸ்பெக்ட் கருவியில் படமெடுக்கிறோம். ஓர் எலிக்கு ஒரு மணி நேரம் ஆவதால் ஒரே நாளில் எல்லா எலிகளையும் முடிக்க முடிவதில்லை. நேரத்தைப் பாதியாக்கினால் படம் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. துல்லியம் கெடாமல் வேகமாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. படத்தின் தரம் நிமிடங்களைப் பொறுத்ததல்ல, கருவி பிடிக்கும் காமாக் கதிர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கானால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் அந்தப் புள்ளிகள், இரண்டு மடங்காகும். அதனால் அதே நேரத்தில் கூடுதல் கதிர்களைப் பிடிக்கப் பாருங்கள். நேரம் தானாகக் குறையும்.

முதலில் பின்ஹோல் காலிமேட்டரைப் பாருங்கள், அதாவது சிறு துளை வழியே மட்டும் கதிர்களை உள்ளே விடும் உலோகத் தடுப்பை. துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் படம் கூர்மையாகும், ஆனால் உள்ளே வரும் கதிர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். தூரம் நமக்குச் சாதகமான விஷயம். துளைக்கும் கட்டிக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் இருப்பதை 30 ஆக்கினால் கதிர்கள் சுமார் 1.8 மடங்காகும். உருப்பெருக்கமும் கூடுவதால் துல்லியமும் மேம்படும். வேகமும் கூர்மையும் சேர்ந்தே கிடைக்கும் இடம் இது ஒன்றுதான் என்பேன். பலரும் முழு உடலும் படத்தில் விழட்டும் என்று துளைகளைத் தள்ளியே வைத்துவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை தொடை மட்டும்தானே, நெருக்கமாகக் கொண்டுபோங்கள்.

அப்படி நெருங்கும்போது சிறுநீர்ப்பையைக் கவனிக்க வேண்டும். சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்தாக இருந்தால் அது அங்கே தேங்கி, பக்கத்திலிருக்கும் தொடைக் கட்டியின் அளவீட்டைக் கெடுக்கும். ஸ்கேனுக்கு முன் சிறுநீர்ப்பையை மெதுவாக அழுத்திக் காலி செய்துவிடுங்கள்.

பல துளைகள் உள்ள காலிமேட்டர் இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் துளைகளின் பிம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று அதிகம் விழுந்தால், எந்தக் கதிர் எந்தத் துளை வழியே வந்தது என்று கணினிக்குத் தெரியாமல் போய், இல்லாத நிழல்கள் தோன்றும். இரண்டு மூன்று எலிகளை ஒரே தடவையில் படுக்க வைப்பது, துளைத் தடுப்பு இல்லாமல் படமெடுக்கும் பெட் என்ற வேறு வகை ஸ்கேன் கருவிக்குப் பொருந்தும். பின்ஹோலில் அதற்காகத் துளைகளை விலக்க வேண்டும், ஆதாயம் போய்விடும்.

சரி, எவ்வளவு நேரம் போதும்? இதற்கு ஊகம் வேண்டாம். கருவியில் லிஸ்ட் மோட் வசதி இருந்தால் ஒவ்வொரு கதிரும் நேரக் குறிப்போடு பதிவாகும். இரண்டு மூன்று எலிகளை வழக்கம்போல 60 நிமிடம் எடுத்துவிட்டு, அதே தரவிலிருந்து 30, 20, 10 நிமிடப் பகுதிகளைத் தனித்தனியாகப் படமாக்குங்கள். கட்டியின் கதிரியக்க அளவு எந்த நேரம் வரை மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு புது எலிகூட இதற்குத் தேவையில்லை.

துளையால் வரும் மங்கலையும் கணக்கில் எடுத்து, பதிவான கதிர்களைப் படமாக்கும் மறுகட்டமைப்பு மென்பொருள் உதவும். ஆனால் அதன் கணக்கீட்டுச் சுற்றுகளைக் கூட்டக் கூட்ட இரைச்சலும் ஏறும். இரைச்சல் நீக்கும் செயற்கை நுண்ணறிவு வழிகளைச் சிறிய கட்டிகளில் நான் இன்னும் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். பேண்டமில் (கதிரியக்க அளவு முன்பே தெரிந்த மாதிரிப் பொருளில்) சோதிக்காமல் ஆய்வுத் தரவில் போடாதீர்கள்.

அப்புறம் மருந்து. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலையில் தயாரித்ததை நான்கு மணி நேரம் கழித்துச் செலுத்தினால் 63 சதவீதம்தான் மிச்சம். வரிசையில் கடைசி எலிக்கு இதே கதிரியக்கத்தைக் கொடுக்க அதிக அளவு மருந்து வேண்டும். 25 கிராம் எலியின் வால் சிரையில் 0.2 மில்லிலிட்டருக்கு மேல் போவது நல்லதல்ல. ஆகவே செறிவாகத் தயாரியுங்கள். செல்களில் உள்ள ஏற்பிகளை (மருந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்களை) தேடிப் பிடிக்கும் மருந்தாக இருந்தால் மூலக்கூறுகளின் மொத்த எடையையும் பாருங்கள், ஏற்பிகள் நிரம்பிவிட்டால் கட்டி மங்கலாகத் தெரியும். அதே எலியை வாரக்கணக்கில் தொடர்ந்து ஸ்கேன் செய்வதாக இருந்தால் கதிரியக்கத்தை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். சேரும் கதிர்வீச்சே கட்டியின் வளர்ச்சியை மாற்றக்கூடும்.

செலுத்தும் அளவை மாற்றுவதாக இருந்தால், தொடங்குவதற்கு முன்பே உங்கள் விலங்கு நெறிமுறைக் குழுவிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.